ரோஜரின் கல் ஏன் ஹென்றிமேல் படவில்லை?

ஒரு நாவலில் வரும் காட்சி இது. ஆளில்லாத ஒரு தீவின் கடற்கரையில் ஹென்றி என்ற சின்னப் பையன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருக்கிறான். கொஞ்சம் தள்ளி ஒரு தென்னை மரத்தின் மறைவில் ரோஜர் நிற்கிறான். வயதில் பெரியவன். அவன் ஒரு கல்லை எடுத்து ஹென்றியைப் பார்த்து எறிகிறான். கல் ஹென்றிக்குப் பக்கத்தில் தண்ணீரில் விழுகிறது. குறி தவறவில்லை, படக்கூடாது என்றுதான் எறிந்தான். அப்புறம் ஒரு கை நிறையக் கற்களைப் பொறுக்கி ஒவ்வொன்றாக எறிகிறான். எல்லாம் ஹென்றியைச் சுற்றித்தான் விழுகின்றன. ஹென்றியைச் சுற்றி ஏறக்குறைய ஆறு கஜ அகலத்துக்கு ஒரு வட்டம் இருக்கிறது, அதற்குள் கல்லைப் போட ரோஜரின் கைக்குத் துணிச்சல் வரவில்லை. யாரோ தன்னோடு விளையாடுகிறார்கள் என்று நினைத்து ஹென்றி சிரிக்கிறான்.

அந்த வட்டத்தை வரைந்தது யார்? அம்மா, அப்பா, பள்ளிக்கூடம், போலீஸ், சட்டம். ஆனால் அவர்களில் ஒருவர்கூட அந்தத் தீவில் இல்லை. தடுக்கவும் தண்டிக்கவும் ஆளில்லாத இடத்தில், பழைய பழக்கம் ஒன்று மட்டும் ரோஜரின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

வில்லியம் கோல்டிங் எழுதி 1954-இல் வெளிவந்த 'லார்ட் ஆஃப் த ஃப்ளைஸ்' நாவலின் நான்காம் அத்தியாயத்தில் இந்தக் காட்சி வருகிறது. தலைப்புக்குத் தமிழில் 'ஈக்களின் அரசன்' என்று பொருள் சொல்லலாம். உலகம் முழுக்கப் பள்ளி, கல்லூரிகளில் பாடமாக இருக்கும் நாவல் இது. குழந்தைமை, தீமை, மனித இயல்பு என்ற மூன்று பெரிய சொற்களும் இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் வந்துவிடும். முதல்முறை படிப்பவர்களுக்கு அந்தச் சொற்கள் மிரட்சி தரலாம். அந்தக் கல்லையும் வட்டத்தையும் மனதில் வைத்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

கதை சுருக்கமாக இதுதான். ஏதோ ஒரு போர் நடக்கிறது, அணுகுண்டும் விழுந்திருக்கிறது. இங்கிலாந்துப் பையன்களை ஏற்றிச் சென்ற விமானம் ஆளில்லாத ஒரு தீவில் விழுகிறது. பெரியவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. பிழைத்தவர்கள் ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பையன்கள் மட்டும். ரால்ஃப் என்ற பையனுக்கு ஒரு சங்கு கிடைக்கிறது. அதை ஊதி எல்லோரையும் கூட்டுகிறான். சங்கைக் கையில் வைத்திருப்பவன்தான் பேசலாம், மற்றவர்கள் கேட்க வேண்டும் என்று விதி செய்கிறார்கள். ரால்ஃப் தலைவனாகிறான். குண்டாக, மூக்குக்கண்ணாடியும் ஆஸ்துமாவுமாக இருக்கும் ஒரு பையன் அவனுக்கு யோசனை சொல்பவன். அவனை எல்லோரும் பிக்கி என்று கேலிப்பெயரில்தான் கூப்பிடுகிறார்கள், அவனுடைய உண்மையான பெயர் கடைசிவரை நமக்குத் தெரியாது. தேவாலயப் பாடகர் குழுவின் தலைவனான ஜாக்குக்கு வேட்டைமேல் ஆசை. கப்பலுக்குத் தெரியும்படி மலைமேல் நெருப்பு எரியவேண்டும் என்பது ரால்ஃபின் கட்சி, பன்றி பிடித்து இறைச்சி தின்னவேண்டும் என்பது ஜாக்கின் கட்சி. இந்தப் பிளவு பெரிதாகிப் பெரிதாகி இரண்டு பையன்கள் கொல்லப்படுகிறார்கள். மூன்றாவதாக ரால்ஃபையும் வேட்டையாடும்போது கப்பல் வருகிறது.

இதை எழுதியவர் ஒரு பள்ளி ஆசிரியர். சால்ஸ்பரி நகரில் பையன்களுக்குப் பாடம் நடத்தியவர். இரண்டாம் உலகப் போரில், 1940-இல் கடற்படையில் சேர்ந்து, 1944 ஜூனில் பிரான்சின் நார்மண்டிக் கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கியபோது ராக்கெட் ஏவும் படகொன்றுக்குத் தலைமை ஏற்றிருந்தார். போர் முடிந்து வகுப்பறைக்குத் திரும்பியவரின் கண்ணுக்குப் பையன்கள் பழைய பையன்களாகத் தெரியவில்லை. தேனீ தேனை உண்டாக்குவதுபோல மனிதன் தீமையை உண்டாக்குகிறான், அந்தப் போர் ஆண்டுகளைக் கடந்து வந்தும் இதைப் புரிந்துகொள்ளாதவர் குருடராகவோ புத்தி பேதலித்தவராகவோதான் இருக்கவேண்டும் என்று பின்னாளில் எழுதினார். கையெழுத்துப் பிரதியைப் பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. ஃபேபர் நிறுவனத்திலும் முதலில் படித்தவர் குப்பை என்று குறித்துவைத்தார். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த சார்லஸ் மான்டெய்த் என்ற பதிப்பாசிரியர்தான் அதை எடுத்துப் படித்துக் காப்பாற்றினார். 1983-இல் கோல்டிங்குக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்த நாவல் இன்னொரு புத்தகத்துக்குச் சொன்ன பதில் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1857-இல் ஆர். எம். பாலன்டைன் எழுதிய 'பவளத் தீவு' என்ற சாகசக் கதையிலும் ஆங்கிலேயப் பையன்கள் தீவில் ஒதுங்குகிறார்கள். அங்கேயும் ஒரு ரால்ஃப், ஒரு ஜாக். அவர்கள் நல்லவர்களாகவே இருக்கிறார்கள், தீமை எப்போதும் வெளியிலிருந்தே வருகிறது: கடற்கொள்ளைக்காரர்களாக, 'காட்டுமிராண்டிகள்' என்று அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் அழைத்த தீவு மக்களாக. தலைமுறை தலைமுறையாக இங்கிலாந்துப் பிள்ளைகள் இப்படிப்பட்ட கதைகளைப் படித்தே வளர்ந்தார்கள். உண்மையில் பையன்கள் ஒரு தீவில் இருந்தால் எப்படி நடந்துகொள்வார்கள் என்று எழுதினால் என்ன என்று கோல்டிங் மனைவியிடம் கேட்டாராம். பாலன்டைன் வைத்த அதே பெயர்களை கோல்டிங் எடுத்துக்கொண்டார். நாவலின் இரண்டாம் அத்தியாயத்தில், நமக்கு விதிகள் வேண்டும், அவற்றுக்கு நாம் கீழ்ப்படிய வேண்டும், நாம் காட்டுமிராண்டிகள் இல்லை, ஆங்கிலேயர்கள் என்று ஒருவன் முழங்குகிறான். அதைச் சொல்பவன் ஜாக்.

சரி, குழந்தைமைக்கு வருவோம்.

தமிழில் இதற்கு நாம் சொல்லும் சொற்களில் ஒன்று 'வெகுளி'. சூதுவாது தெரியாதவரை வெகுளி என்கிறோம். அதே சொல் குறளில் கோபத்தைக் குறிக்கிறது. 'அழுக்காறு அவாவெகுளி இன்னாச்சொல்' என்று வள்ளுவர் விலக்கச் சொல்லும் நான்கில் ஒன்று வெகுளி. வெகுளாமை என்று ஓர் அதிகாரமே உண்டு. கள்ளமற்ற மனதுக்கும் கட்டுக்கடங்காத சினத்துக்கும் ஒரே சொல் எப்படி வந்தது என்பதை மொழியறிஞர்களிடம் விடுவோம். இந்த நாவலைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சொல்தான் ஞாபகம் வருகிறது, ஏனென்றால் கோல்டிங் காட்டும் குழந்தைமையில் இரண்டு பொருளும் ஒன்றாகவே இருக்கின்றன.

கல் எறியும் காட்சிக்குச் சற்று முன்னால் நடப்பதைப் பாருங்கள். மூன்று பொடியன்கள் மணலில் வீடு கட்டி விளையாடுகிறார்கள்: பெர்சிவல், ஜானி, ஹென்றி. ரோஜரும் மாரிஸ் என்ற இன்னொரு பையனும் வந்து மணல்வீட்டைக் காலால் உதைத்துக் கலைக்கிறார்கள். பெர்சிவலின் கண்ணில் மண் விழுகிறது, அழுகிறான். மாரிஸுக்கு மனம் உறுத்துகிறது. ஊரில் இப்படி ஒரு சின்னவன் கண்ணில் மண்ணைப் போட்டதற்கு அவன் அடி வாங்கியிருக்கிறான். ஏதோ சாக்குச் சொல்லிவிட்டு ஓடிவிடுகிறான். அழுத கண்ணீரே மண்ணைக் கழுவிவிட, பெர்சிவல் சமாதானமாகி மறுபடி விளையாட ஆரம்பிக்கிறான். அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஜானி, தானும் மண்ணை அள்ளி வீசுகிறான். பெர்சிவல் மறுபடி அழுகிறான்.

ஜானி எல்லோரையும்விடச் சின்னவர்களில் ஒருவன். நீலக் கண் பிள்ளை. மண்ணை வீசினால் ஒருவன் அழுகிறான் என்று இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறான். அந்தச் செயலில் கெட்ட எண்ணம் என்று ஒன்றைத் தனியே பிரித்து எடுக்க முடியாது. அதே நேரத்தில் ஹென்றி தண்ணீர் விளிம்பில் உட்கார்ந்து, அலையோடு வரும் கண்ணாடிபோன்ற குட்டி உயிர்களைக் குச்சியால் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் விரட்டிக்கொண்டிருக்கிறான். உயிருள்ளவை தன் சொல்படி நகர்வதில் அவனுக்கு அப்படி ஒரு இன்பம். அவனைத்தான் பின்னாலிருந்து ரோஜர் பார்க்கிறான். பூச்சிமேல் குச்சி, ஹென்றிமேல் கல். இரண்டு பக்கங்களுக்குள் கோல்டிங் இந்தப் படிக்கட்டை அமைத்துவிடுகிறார். இதற்கு மேல் நீளமான விளக்கம் எதுவும் அவர் கொடுப்பதில்லை.

எனவே இந்த நாவலில் குழந்தைமை என்றால் நல்லகுணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தன்னால் என்னென்ன செய்யமுடியும் என்று இன்னும் தெரியாமல் இருக்கும் நிலைதான் அது. தீவில் நடக்கும் முதல் சாவுக்கு யாருடைய வன்மமும் காரணமில்லை. கப்பலுக்குக் காட்டப் பெரிதாக நெருப்பு மூட்டுகிறார்கள். அதைப் பற்றவைப்பது பிக்கியின் மூக்குக்கண்ணாடியால் குவித்த வெயில். (பிக்கிக்குக் கிட்டப்பார்வை. அதற்கான கண்ணாடி வெயிலைக் குவிக்காது, பரப்பிவிடும் என்று அறிவியல் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அது கோல்டிங் செய்த பிழை, ஒப்புக்கொள்வோம்.) நெருப்பு காட்டுக்குள் பரவுகிறது, பையன்கள் குதூகலித்துக் கத்துகிறார்கள். அடங்கிய பிறகுதான் முகத்தில் மச்சம் இருந்த ஒரு சின்னப் பையனைக் காணோம் என்று தெரிகிறது. அவன் பெயரை யாரும் கேட்டு வைத்திருக்கவில்லை.

ஜாக்கின் மாற்றமும் இப்படிப் படிப்படியாகத்தான் நடக்கிறது. முதல் நாள் கொடியில் சிக்கிய ஒரு பன்றிக்குட்டி கிடைக்கிறது. கத்தியை ஓங்குகிறான், ஆனால் இறக்க முடியவில்லை. உயிருள்ள உடம்பில் கத்தி இறங்குவதையும் ரத்தத்தையும் நினைத்தே கை நின்றுவிடுகிறது. ரோஜரின் கையைப் பிடித்த அதே வட்டம்தான் இவன் கையையும் பிடிக்கிறது. அடுத்தமுறை பார் என்று சொல்லிக் கத்தியை மரத்தில் குத்துகிறான். பிறகு ஒருநாள் பன்றி கண்டுகொள்ளாதிருக்க வெள்ளை, சிவப்பு மண்ணையும் கரியையும் முகத்தில் பூசுகிறான். சிரட்டைத் தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்தால் அங்கே வேறு யாரோ இருக்கிறார்கள். அந்தப் பூச்சுக்குப் பின்னால் வெட்கம் போய்விடுகிறது. வெட்கம் என்று நாம் சாதாரணமாகச் சொல்வது எவ்வளவு பெரிய காவல் என்பது இந்த இடத்தில்தான் எனக்குப் புரிந்தது.

அடுத்தது தீமை. பையன்கள் நடுவே ஆரம்பத்திலிருந்தே ஒரு பயம் சுற்றுகிறது. காட்டில் ஏதோ மிருகம் இருக்கிறது, இரவில் வருகிறது, கடலிலிருந்து வருகிறது. பெரிய பையன்கள் முதலில் சிரிக்கிறார்கள், பிறகு அவர்களும் பயப்படுகிறார்கள். வானத்தில் நடந்த சண்டையில் செத்த ஒரு வீரனின் உடல் பாராசூட்டோடு மலையுச்சியில் வந்து விழுகிறது. காற்றடிக்கும்போது அது எழுந்து உட்கார்கிறது, அடங்கும்போது தலைகுனிகிறது. இருட்டில் அதைப் பார்த்தவர்கள் மிருகத்தைப் பார்த்துவிட்டோம் என்று ஓடிவருகிறார்கள்.

ஒரே ஒருவன்தான் வேறு மாதிரி யோசிக்கிறான். சைமன். ஒல்லியான, அடிக்கடி மயங்கி விழும் பையன். எட்டாத பழங்களைப் பறித்துப் பொடியன்களுக்குக் கொடுப்பவன் அவன்தான். கூட்டத்தில் தட்டுத்தடுமாறி அவன் சொல்வது இது: மிருகம் இருக்கலாம், ஒருவேளை அது நாமாகவே இருக்கலாம். எல்லோரும் கூச்சலிட்டு அவனை உட்கார வைக்கிறார்கள்.

ஜாக்கின் கூட்டம் ஒரு தாய்ப்பன்றியைக் கொன்று, மிருகத்துக்குப் படையலாக அதன் தலையை ஒரு கம்பில் குத்தி நட்டுவிட்டுப் போகிறது. தலையை ஈ மொய்க்கிறது. ஈக்களின் அரசன் என்ற பெயர் இங்கிருந்து வருகிறது. பைபிளில் வரும் பெயெல்செபூல் என்ற பேயின் பெயருக்கும் இந்தப் பொருள் சொல்லப்படுவதுண்டு. வெயிலில் மயங்கும் நிலையில் இருக்கும் சைமனிடம் அந்தத் தலை பேசுகிறது: நான் வேட்டையாடிக் கொல்லக்கூடிய ஒன்று என்றா நினைத்தீர்கள், நான் உங்களில் ஒரு பகுதி என்று. சைமன் மலையேறிப் போய் அந்தப் பிணத்தைப் பார்க்கிறான். இதற்குப் போயா பயந்தோம் என்று சொல்ல இறங்கி வருகிறான்.

அவன் வரும் நேரத்தில் கீழே கடற்கரையில் விருந்து. இடி, மின்னல். பயத்தை மறக்க எல்லோரும் வட்டமாக நின்று பன்றிவேட்டையை ஆட்டமாக ஆடுகிறார்கள். கொல்லு, கழுத்தை அறு என்று தாளத்தோடு கத்துகிறார்கள். இருட்டிலிருந்து தவழ்ந்து வரும் உருவம் அவர்களுக்கு மிருகமாகத் தெரிகிறது. உண்மையைச் சொல்ல வந்தவனைக் கையாலும் பல்லாலும் கொன்றுவிடுகிறார்கள்.

நான் முதல்முறை படித்தபோது ஜாக்கும் ரோஜரும் கெட்டவர்கள், ரால்ஃபும் பிக்கியும் நல்லவர்கள் என்று கோடு போட்டு வைத்திருந்தேன். அதனால் அந்த இரவில் ரால்ஃபும் பிக்கியும் எங்கே இருந்தார்கள் என்பதைக் கவனிக்காமலே தாண்டிவிட்டேன். அவர்களும் அங்கேதான் இருந்தார்கள். பயத்தில், கூட்டத்தோடு சேர்ந்தால் பாதுகாப்பு என்று அந்த வட்டத்தில் தாங்களாகவே விரும்பிச் சேர்ந்துகொண்டார்கள். மறுநாள் காலையில் ரால்ஃப் அதைக் கொலை என்று சொல்கிறான். பிக்கி பதறுகிறான்: விபத்து, இருட்டு, அவன் ஏன் அப்படித் தவழ்ந்து வந்தான், நமக்கு ஒன்றும் தெரியாது. இரட்டையர்களான சாமும் எரிக்கும் நாங்கள் சீக்கிரமே போய்விட்டோம் என்கிறார்கள். அந்த இருவர் முகத்திலும் காயங்கள் இருக்கின்றன. நாவலில் எனக்கு மிகவும் பயம் தரும் பக்கம் இதுதான். ரோஜரைப் போன்றவர்களை நாம் எளிதில் விலக்கிவைத்துவிடலாம். பிக்கி சொல்லும் சாக்குகளை நாமும் வாழ்க்கையில் சொல்லியிருக்கிறோம்.

மனித இயல்பைப் பற்றிப் பேசும்போது இரண்டு தத்துவஞானிகளின் பெயர்களைப் பாடப்புத்தகங்கள் தவறாமல் இழுக்கும். 1651-இல் எழுதிய தாமஸ் ஹாப்ஸ், அரசும் அச்சமும் இல்லாவிட்டால் மனிதர் ஒருவரையொருவர் அழித்துக்கொள்வார்கள் என்றார். 1762-இல் எழுதிய ரூசோ, இயற்கையின் கையில் எல்லாம் நன்றாக இருக்கிறது, மனிதன் கைபட்டுக் கெடுகிறது என்றார். கோல்டிங் ஹாப்ஸின் கட்சி என்று முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அது போதவில்லை. சட்டம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று இந்த நாவல் எங்கேயும் சொல்லவில்லை. சட்டமும் ராணுவமும் பாராளுமன்றமும் உள்ள பெரியவர்கள்தான் வெளியே அணுகுண்டு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ரோஜரைத் தடுத்த அந்தப் பழைய உலகமும் இடிந்து கிடக்கிறது. சைமனோ எந்த விதிக்கும் பயந்து பழம் பறித்துக் கொடுக்கவில்லை. அவனுடைய நல்லகுணம் எங்கிருந்து வந்தது என்று ஹாப்ஸை வைத்துச் சொல்ல முடியாது. அதுவும் மனித இயல்புதான். கோல்டிங் அதை மறுக்கவில்லை, அது எத்தனை தனியாக நிற்கிறது என்று காட்டுகிறார்.

இந்த நாவலுக்கு எதிராக ஓர் உண்மைச் சம்பவத்தை இப்போது பலரும் சொல்கிறார்கள். 1965-இல் தென் பசிபிக்கின் டோங்கா நாட்டில் விடுதிப் பள்ளியில் படித்த ஆறு பையன்கள் ஒரு படகை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போனார்கள். புயலில் பாய் கிழிந்து, அட்டா என்ற ஆளில்லாத தீவில் ஒதுங்கினார்கள். 1966 செப்டம்பரில் ஆஸ்திரேலிய மாலுமி பீட்டர் வார்னர் அவர்களைக் கண்டுபிடிக்கும்வரை ஏறக்குறைய பதினைந்து மாதம் அங்கேயே இருந்தார்கள். வேலைகளைப் பங்குபோட்டுக்கொண்டார்கள், தோட்டம் போட்டார்கள், மரத்தைக் குடைந்து மழைநீர் பிடித்தார்கள். மூட்டிய நெருப்பை அணையவே விடவில்லை. சண்டை வந்தால் சண்டைபோட்ட இருவரும் ஆளுக்கொரு பக்கம் போய் ஆறி வருவார்கள். ஒருவன் விழுந்து காலை முறித்துக்கொண்டபோது மற்றவர்கள் குச்சி வைத்துக் கட்டி, அவன் வேலையையும் சேர்த்துச் செய்தார்கள். கால் நேராகக் கூடியிருந்தது.

இதைப் படித்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை மறைக்கப்போவதில்லை. ஆனால் இது கோல்டிங்கைப் பொய்யாக்கிவிட்டது என்று சிலர் சொல்வதை என்னால் ஏற்கமுடியவில்லை. அந்த ஆறு பேரும் முன்பே நண்பர்கள், தீவு வாழ்க்கை தெரிந்தவர்கள், சேர்ந்து ஜெபம் செய்தவர்கள். கோல்டிங்கின் பையன்களோ பெரும்பாலும் ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாதவர்கள், பிரம்படியிலும் மேல்தட்டு கீழ்த்தட்டு வேற்றுமையிலும் வளர்ந்தவர்கள். பிக்கியின் பேச்சுவழக்கைக் கேட்டே அவனை ஒதுக்குகிறவர்கள். 'பையன்கள்' என்ற பொதுச்சொல்லுக்குள் இந்த இரண்டு கூட்டத்தையும் போட்டு எது உண்மை என்று கேட்பதைவிட, அட்டா தீவில் அந்த ஆறு கஜ வட்டத்தை எது காப்பாற்றியது என்று கேட்டால் நமக்கு ஏதாவது கிடைக்கும்.

கோல்டிங்கின் தீவில் அந்த வட்டம் சுருங்கிக்கொண்டே வருகிறது. பதினோராம் அத்தியாயத்தில் திருடுபோன தன் கண்ணாடியைக் கேட்டு, சங்கைக் கையில் பிடித்தபடி பிக்கி ஜாக்கின் கோட்டைக்குப் போகிறான். பாறைமேல் நிற்கும் ரோஜர் முதலில் சின்னக் கற்களை எறிகிறான், அப்போதும் படாமல்தான். பிறகு ஒரு பெரிய பாறைக்கு அடியில் கொடுத்திருந்த நெம்புகோலில் தன் முழு எடையையும் சாய்க்கிறான். சங்கு தூள்தூளாகிறது. பிக்கி நாற்பதடி கீழே சிவப்புப் பாறையில் விழுகிறான்.

கடைசியில் கடற்படை அதிகாரி ஒருவர் வெள்ளைச் சீருடையில் வந்து நிற்கிறார். இடுப்பில் துப்பாக்கி. ஆங்கிலேயப் பையன்கள் இதைவிட நன்றாக நடந்துகொண்டிருக்க வேண்டாமா என்கிறார், பவளத் தீவு மாதிரி என்கிறார். பொடியன் பெர்சிவல் அவர் முன்னால் வருகிறான். தீவுக்கு வந்த நாட்களில் யார் கேட்டாலும் முழுப்பெயரையும் வீட்டு முகவரியையும் மந்திரம்போல ஒப்பிப்பான், தொலைந்துபோனால் சொல்ல வேண்டும் என்று வீட்டில் சொல்லிக்கொடுத்தது அது. இப்போது நான், நான் என்று ஆரம்பிக்கிறான். அதற்கு மேல் வரவில்லை. ரால்ஃப் அழ ஆரம்பிக்கிறான், போய்விட்ட குழந்தைமைக்காக, மனித மனதின் இருட்டுக்காக, பிக்கிக்காக. மற்ற பையன்களும் விம்முகிறார்கள். அதிகாரிக்குச் சங்கடமாக இருக்கிறது. அவர்கள் அழுது முடிக்கட்டும் என்று முகத்தைத் திருப்பி, தூரத்தில் நிற்கும் தன் போர்க்கப்பலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.